கேளுங்கள், பேசுவோம்: சட்டையைக் கழற்றத் தயங்கும் தம்பிகள்

போன இதழில் ஒரு கல்லூரிப் பெண்ணுக்குப் பதில் எழுதும்போது, விளம்பரங்கள் பெண்ணின் இடுப்பையும் நிறத்தையும் எப்படிக் கூறு போட்டு விற்கின்றன என்று கொஞ்சம் கோபமாகவே எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆண்கள் எழுதியவை. "எங்களை மட்டும் யாரும் கேட்கிறதில்லையே அக்கா" என்று ஏதோ ஒரு வரி எல்லாவற்றிலும் இருந்தது. பெயர் வேண்டாம் என்று நிறையப் பேர் கேட்டிருப்பதால் ஊர் மட்டும் போடுகிறேன். இந்தத் தடவை முழுக்க இந்த விஷயம்தான்.

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயது. டூவீலர் ஷோரூமில் வேலை. ஐந்தடி ஆறங்குலம், 48 கிலோ. பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கு 'தீக்குச்சி', 'ஒல்லிப்பிச்சான்' தவிர வேறு பெயர் கிடையாது. ஆறு மாதமாக ஜிம்முக்குப் போயும் உடம்பு ஏறவில்லை. "ஒரு சைக்கிள் ஊசி போட்டா மூணு மாசத்துல ஏறிடும், சினிமால எல்லாரும் இதத்தான் பண்றாங்க" என்கிறார் மாஸ்டர். தை மாதம் கல்யாணம். அதற்குள் ஏற்றிவிட வேண்டும். போடலாமா? (உசிலம்பட்டி)

பதில்: தம்பி, ஊசி வேண்டாம். மீதியைப் படிக்க நேரமில்லை என்றாலும் இந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு போங்கள்.

மாஸ்டர் 'சைக்கிள்' என்று சொல்வது ஸ்டீராய்டு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன், அல்லது அதன் சாயலில் செய்த மருந்து. வெளியிலிருந்து இது உள்ளே வந்ததும், இனி நாமாகச் சுரக்க வேண்டியதில்லை என்று மூளை விரைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு அறவே நின்றுபோகும். ஊசியை விட்ட பிறகு பலருக்குத் திரும்ப வரும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருடம் தாண்டும், உங்களுக்குக் கட்டாயம் வந்துவிடும் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க மாட்டார். மார்பு வீங்கலாம், முடி கொட்டலாம், ரத்த அழுத்தம் ஏறலாம், இதயமும் ஈரலும் கெடலாம். நிறுத்திய சில வாரங்களில் மனசு ஒரேயடியாகச் சோர்ந்துபோவதும் உண்டு. கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்னால் இதை யாராவது வாங்கிக்கொள்வார்களா?

சரி, எடைக்கு வருவோம். உங்கள் உயரத்துக்கு 48 கிலோ கொஞ்சம் குறைவுதான், மறுக்கவில்லை. அதற்கு முதலில் பார்க்க வேண்டியது டாக்டரை. தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை, நாள்பட்ட இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை. எல்லாம் சரியாக இருந்து, உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் இதே வாகு என்றால் அது உங்கள் வீட்டு உடம்பு, நோய் கிடையாது. ஒருவர் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்குப் போதும் என்பது ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. எடை தூக்குகிறவருக்குக் கூடுதலாக வேண்டியிருக்கும், அதையும் சாப்பாட்டிலேயே எடுக்கலாம். ஒரு முட்டையில் 6 கிராம் வரும். காலையில் இரண்டு முட்டை, சாயங்காலம் கடைச் சுண்டல், ராத்திரி பருப்போ மீனோ, இடையில் உளுந்தங்கஞ்சி. டப்பாப் பவுடர் வேண்டாம் என்று 2024-ல் ஐசிஎம்ஆர் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலேயே இருக்கிறது. ஜிம்மை விட வேண்டாம், மாஸ்டரை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள்.

'சினிமால எல்லாரும்' என்றாரே, அதைப் பற்றி. திரையில் நீங்கள் பார்க்கும் வயிறு அந்த நடிகருக்கே வருஷம் முழுக்க இருக்கும் வயிறு இல்லை. ஹென்றி கேவில் என்ற ஆங்கில நடிகர் 2019-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார்: சட்டை இல்லாத காட்சிக்காக மூன்று நாள் தண்ணீரைக் குறைத்து, கடைசியில் குடிப்பதையே நிறுத்தி, தோல் வற்றித் தசை தெரிய நிற்பாராம். அதற்கு மேல் எண்ணெய், பக்கவாட்டு வெளிச்சம், ஷாட்டுக்கு முந்தைய நிமிஷம் தண்டால். அந்த ஒரு மணி நேர உடம்பைப் பார்த்துத்தான் நாம் நம் முழு ஆயுளின் உடம்பைத் திட்டிக்கொள்கிறோம்.

பொம்மையிலும் இதே கதை. பார்பியின் இடுப்பைப் பற்றி ஊரெல்லாம் பேசினோம். ஜி.ஐ.ஜோ என்ற சிப்பாய்ப் பொம்மை 1964-ல் வந்தபோது அது சாதாரண ஆளின் உடம்பு. 1990-களில் வந்த அதே வரிசைப் பொம்மையை ஹாரிசன் போப் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் தன் குழுவோடு அளந்து பார்த்தார். மனித உயரத்துக்குக் கணக்கிட்டால் அதன் புஜம் எந்தப் பாடிபில்டருக்கும் இல்லாத சுற்றளவுக்குப் போனது. அவர் குழுதான் 'மசில் டிஸ்மார்ஃபியா' என்று ஒரு நோய்க்குப் பெயர் வைத்தது. எவ்வளவு ஏறினாலும் கண்ணாடியில் தான் நோஞ்சானாகவே தெரிவது அதன் அடையாளம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேட்டில் அதைச் சேர்த்திருக்கிறது. உங்களுக்கு அது இருக்கிறது என்று சொல்லவில்லை. கண்ணாடியை விட்டு நகர முடியவில்லை, சாப்பாடும் தூக்கமும் இதனாலேயே கெடுகிறது என்றால் 14416-க்குப் போன் போடுங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

மதுரைக்கு வந்தால் புதுமண்டபத்தில் திருமலை நாயக்கர் சிலையைப் பாருங்கள். 1623 முதல் 1659 வரை இந்த ஊரை ஆண்ட ராஜா. சிற்பி அவருக்கு நல்ல தொப்பை வைத்திருக்கிறார், மறைக்கவே இல்லை, ஏனென்றால் அந்தக் காலத்தில் அதுதான் செழிப்பான அரசனின் லட்சணம். அன்றைக்கும் உங்களைப் போன்ற ஒல்லியான பையன் ஒருவன் அந்தச் சிலையைப் பார்த்து ஏங்கியிருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றும்.

கேள்வி: ஆண்களுக்காக நீங்களுமா உருகுகிறீர்கள்? எட்டு வயதிலிருந்து 'கருப்பா இருக்கா, நகை கூடப் போடணும்' என்று கேட்டு வளர்ந்தவள் நான். தொப்பை இருக்கிறது என்பதற்காக எந்த மாப்பிள்ளை வீடு பத்துப் பவுன் கூடக் கொடுத்தது? அறுபது வயது நடிகருக்கு இருபத்தைந்து வயதுக் கதாநாயகி. அவர் தொப்பையை யாரும் கேட்பதில்லை, அவளுக்கு ஒரு கிலோ ஏறினால் செய்தியாகிவிடுகிறது. இது என்ன நியாயம்? (மேலூர்)

பதில்: நீங்கள் சொல்வது அத்தனையும் உண்மை, தங்கச்சி. ஒன்றைக்கூட மறுக்க மாட்டேன். ஆண் கேலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான், பெண் அதற்குப் பவுன் கணக்கில் விலை கொடுப்பாள். பெண்களை ஆபாசமாகச் சித்திரிப்பதைத் தடுக்க 1986-லேயே தனிச் சட்டம் வந்தது என்றால், அதற்கான தேவை அவ்வளவு இருந்தது. இரண்டையும் தராசில் வைத்துச் சமம் என்று நான் சொல்லப்போவதில்லை.

ஆனால் இந்தக் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. ஒரு ஆணின் உடம்பைக் கேலி செய்ய நம் ஊரில் என்ன சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். 'பொம்பள மாதிரி நெஞ்சு', 'பொம்பளக் குரல்', 'பொட்டச்சி மாதிரி நடக்குறான்', 'மீசை முளைக்கலையா'. டிவி காமெடி நிகழ்ச்சியில் குண்டான ஆணுக்குச் சேலை கட்டி விட்டால் போதும், வசனமே வேண்டாம், கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் அவனும் அடிபடுகிறான், அவன் கட்டியிருக்கும் சேலைக்குரிய நாமும் அடிபடுகிறோம். பெண்ணாக இருப்பது கேவலம் என்று ஊர் நினைக்கிற வரைக்கும்தான் ஒரு ஆணைப் 'பெண் போல' என்று சொல்லிக் காயப்படுத்த முடியும்.

சிவப்பழகு களிம்பின் வரலாறும் இதுதான். பெண்களுக்கான ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் வந்தது. முப்பது வருஷம் கழித்து, 2005-ல், ஆண்களுக்கென்று எமாமி நிறுவனம் ஒரு களிம்பைக் கொண்டுவந்தது. அதை விற்க எடுத்த விளம்பரத்தில் ஒருவன் பெண்களின் களிம்பை ஒளிந்து பூசுவான், அதற்காகக் கேலிக்கு ஆளாவான். கருப்பாக இருக்கிறாயே என்று வெட்கப்பட வைத்தது போதாமல், பெண் பொருளைத் தொட்டாயே என்றும் வெட்கப்பட வைத்துத்தான் கடையை விரித்தார்கள். ஃபேர் அண்ட் லவ்லிக்கு 2020-ல் பெயர் மட்டும் மாறியது. பதினெட்டாம்படிக் கருப்பன் காலில் விழுந்து நேர்த்திக்கடன் செலுத்துகிற ஊர் நம்முடையது, சாமியின் பெயரிலேயே கருப்பு இருக்கிறது, அங்கிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து களிம்பு பூசுகிறோம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அதனால் தம்பிகளுக்காகப் பேசுவது உங்களை விட்டுக்கொடுப்பதாகாது. உங்கள் மேல் விழுந்த அதே கம்புதான் அவர்கள் மேலும் விழுகிறது. அவர்களுக்கு இன்னொரு சுமை, வலித்தது என்று சொன்னால் அதற்கும் 'பொம்பள மாதிரி அழுறான்' என்று பதில் வரும்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. மூன்று மாதமாக மார்பு லேசாக வீங்கியிருக்கிறது. பள்ளியில் ஏதோ ஒரு காமெடி வசனத்தைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். வெயில் காலத்திலும் உள்ளே பனியன், மேலே சட்டை, அதற்கு மேலே ஸ்வெட்டர். ஊருக்குப் போனால் தாத்தா தோட்டத்துக் கிணற்றில் இறங்க மாட்டேன் என்கிறான். அவன் அப்பா "ஆம்பளப் பையன் இதுக்கெல்லாமா" என்று திட்டுகிறார். (திருமங்கலம்)

பதில்: அம்மா, முதலில் பயம் வேண்டாம். பருவ வயதில் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது ஏதோ ஓர் அளவில் இது வரும். ஹார்மோன்கள் ஏறி இறங்கும் வயது. முலைக்காம்புக்கு அடியில் சின்ன நெல்லிக்காய் போலத் தட்டுப்படும், தொட்டால் வலிக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் தானே வடிந்துவிடும். பிதுக்கக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, யூடியூபில் சொல்லும் எண்ணெய் எதுவும் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் கல் போலக் கெட்டியாக இருந்தால், காம்பிலிருந்து நீர் வந்தால், வேகமாகப் பெருத்தால், இரண்டு வருஷம் தாண்டியும் போகாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். வேறு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான் என்றால் அதையும் சொல்லுங்கள், சில மருந்துகளாலும் வரும். பையன் மனசு சமாதானமாகட்டும் என்பதற்காகவே ஒருமுறை காட்டினாலும் தப்பில்லை, 'இது சாதாரணம்' என்று டாக்டர் வாயிலிருந்து கேட்பதே அவனுக்கு மருந்து.

என் தம்பியும் இப்படித்தான் இருந்தான். வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் பெரியப்பா கிணறு, கோடை விடுமுறையில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் மேலிருந்து குதிப்போம். அவன் மட்டும் பம்புசெட் ரூம் நிழலில், சட்டைப் பொத்தானை மேல் வரைக்கும் போட்டுக்கொண்டு, எங்கள் துணிகளுக்குக் காவல் உட்கார்ந்திருப்பான். மற்றவர்களோடு சேர்ந்து நானும் அவனைப் பெயர் வைத்துக் கூப்பிட்டேன். அவனுக்கு இப்போது 49 வயது. போன வருஷம் குடும்பத்தோடு குற்றாலம் போனபோதும் சட்டையோடுதான் அருவியில் நின்றான். அன்றைக்கு ராத்திரி அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் என்னக்கா இப்ப" என்றான், ஆனால் அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

உங்கள் வீட்டுக்காரரிடம் இந்தப் பக்கத்தை நீட்டுங்கள். அவர் அந்த வயதில் எதை மறைத்தார் என்று மகனிடம் ஒருமுறை சொல்லட்டும். எல்லா அப்பாவிடமும் ஒன்று இருக்கும். பள்ளியிலும் வகுப்பாசிரியரிடம் நேரில் சொல்லுங்கள், விளையாட்டுப் பேச்சு என்று தள்ளிவிட விடாதீர்கள். கிணற்றுக்கு ஒரு டீஷர்ட்டோடு போகட்டும், நீச்சல் முக்கியம்.

கேள்வி: 29 வயது, முன்மண்டை காலி. மூன்று பெண் வீட்டார் போட்டோ பார்த்தே வேண்டாம் என்றுவிட்டார்கள். முடி நடலாமா? (பழங்காநத்தம்)

பதில்: நடலாம், உங்கள் முடிவு. எங்கே, யாரிடம் என்பதில் மட்டும் கவனம். 2016-ல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட ஒரு மருத்துவ மாணவரே இறந்துபோனார். பயிற்சி பெற்ற மருத்துவர்தான் இதைச் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது, ஆகவே சலூனுக்கு மேல் மாடியில், பாதி விலைக்கு என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். அதற்கு முன் தோல் மருத்துவரைப் பாருங்கள், மருந்திலேயே உதிர்வை நிறுத்த முடிகிறதா என்று அவர் சொல்வார், வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டியிருக்கும் என்பதையும் சொல்வார்.

வரன் போட்டோவுக்குத் தொப்பி போட்டதோ ஐந்து வருஷம் முந்தையதோ கொடுக்காதீர்கள். போட்டோவில் வேண்டாம் என்றவர்கள் நேரில் பார்த்தும் அதையேதான் சொல்லியிருப்பார்கள், ஒரு சனிக்கிழமையும் ஒரு கிலோ அல்வாவும் மிச்சம்.

கேள்வி: எங்கள் காலத்தில் ஆம்பளைகள் உடம்பு, நிறம் என்று யோசித்ததே கிடையாது. இதெல்லாம் இந்தக் காலத்துப் பையன்களின் பலவீனம், நீங்கள் அதற்குத் தூபம் போடாதீர்கள். (செல்லூர், வயது 71)

பதில்: ஐயா, யோசித்தீர்கள், வெளியே சொல்லத்தான் இடமில்லை. போலீஸ் தேர்வுக்குப் போய், மார்பை அளந்து, மூச்சை இழுத்துப் பிடித்தும் ஐந்து சென்டிமீட்டர் விரியாமல் திரும்பி வந்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்கள் அதை மனைவியிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். குட்டையாக இருந்ததால் குட்டையன் என்றே கூப்பிடப்பட்டு, ரேஷன் கார்டில் மட்டும் சொந்தப் பெயரோடு வாழ்ந்து முடித்தவர்களை நானே அறிவேன்.

ஒன்று மட்டும் நினைவுபடுத்துகிறேன். 1921 செப்டம்பர் 22, நம் மதுரை மேல மாசி வீதியில் ஒரு வீட்டில்தான் காந்தி சட்டையைக் கழற்றி இடுப்புத் துணிக்கு மாறினார். ஒல்லி உடம்பு, எலும்பு தெரியும் நெஞ்சு. பத்து வருஷம் கழித்து சர்ச்சில், அரை நிர்வாணப் பக்கிரி போல வைஸ்ராய் மாளிகைப் படியேறுகிறார் என்று அந்த உடம்பைத்தான் ஏளனம் செய்தார். ஊரே ஆண்பிள்ளை என்று கொண்டாடிய ஒருவரையும் உடம்பை வைத்து மட்டம் தட்டலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அதைத் தாங்கிக்கொள்ள அவருக்குப் பின்னால் ஒரு தேசம் இருந்தது. எட்டாம் வகுப்புப் பையனுக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை, நீங்களும் நானும்தான் நிற்க வேண்டும்.

கேள்வி: குறும்படம் எடுக்கிறேன். ஹீரோவின் நண்பன் குண்டு. அவன் வந்தால்தான் சிரிப்பு. உருவக்கேலி என்று திட்டுவார்களோ? (திருப்பரங்குன்றம்)

பதில்: அவன் குண்டாகவே இருக்கட்டும், நம் ஊரில் குண்டானவர்கள் இல்லையா? உங்கள் ஸ்கிரிப்டை எடுத்து, அவன் உடம்பைச் சுட்டும் வசனங்களை எல்லாம் பென்சிலால் அடித்துவிட்டுத் திரும்பப் படியுங்கள். அப்புறமும் அவன் அங்கே இருக்கிறானா? அவனுக்கு ஒரு வேலை, ஒரு கோபம், ஒரு கடன், ஒரு காதல் இருக்கிறதா? இருந்தால் தாராளமாகச் சிரிக்க வையுங்கள், அவன் செய்கிற வேலைக்கு ஜனங்கள் சிரிப்பார்கள். இல்லையென்றால் நீங்கள் எழுதியது ஒரு ஆளை இல்லை, எடையைத்தான். அந்த வேஷத்துக்கு வரப்போகிற பையன் எத்தனை வருஷமாக அதே வசனத்தை இலவசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள், உங்களுக்கு இதைவிட நல்ல சீன் கிடைக்கும்.

கேள்வி: எனக்கு நிச்சயமாகிவிட்டது. அவர் என்னைவிட இரண்டு அங்குலம் குட்டை. கீழக்குயில்குடி தாமரைக் குளத்தில் போட்டோ எடுத்தபோது போட்டோகிராபர் அவரை ஒரு பலகை மேல் ஏற்றி நிற்க வைத்தார். சிரித்துக்கொண்டுதான் நின்றார், ஆனால் திரும்பி வரும்போது வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. உயரம் கூட்டும் மருந்து ஏதாவது உண்டா என்று அவர் அம்மா விசாரித்துக்கொண்டிருக்கிறார். கல்யாணத்தன்று நான் என்ன செய்ய? (நாகமலை புதுக்கோட்டை)

பதில்: மருந்து கிடையாது. எலும்பு வளரும் வயது முடிந்தபின் எந்தப் பொடியும் உயரத்தைக் கூட்டாது, அப்படிச் சொல்லி விளம்பரம் செய்வதையே 1954-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

அவரிடம் நேராகக் கேளுங்கள், "பலகை மேல நிக்க வச்சது கஷ்டமா இருந்துச்சா?" என்று. இல்லை என்பார். இன்னொரு தரம் கேளுங்கள். கல்யாணத்தன்று போட்டோகிராபர் மறுபடியும் பலகையோடு வந்தால், அவர் வாய் திறப்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள், "அண்ணே, அது வேண்டாம், நாங்க இப்படியே நிக்கிறோம்" என்று. ஹீல்ஸ் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் போட்டுக்கொள்ளுங்கள்.